கரும்பலகையை இறக்க மாட்டோம்

ஏற்காடு
20.11.1988

சேசு மரி சூசை

அன்பு மகன் லூர்துராஜுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நல்லபடியாக நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பம்பாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடி. இங்கே காப்பிப் பழம் பறிப்பு ஆரம்பித்துவிட்டது, குளிரும் நொம்ப அதிகம்.

உன் கடிதம் வந்தது. ஒண்டிக்கடை முக்கில் நம் டீக்கடை வாசலில் தொங்கும் கரும்பலகையை இறக்கிவிடும்படி அப்பாவுக்குப் புத்தி சொல்லச் சொல்லியிருக்கிறாய். முதலில் நடந்ததைக் கேள் கண்ணு. சாவு, கல்யாணம், பஸ் வராதது எல்லாமே மலை ஜனங்கள் அப்பா அதில் எழுதுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். மேலே தலைச்சோலைக் கிராமத்துக்கு வரவேண்டிய தண்ணீர்க் குழாய் பஞ்சாயத்துத் தலைவருடைய மச்சான் எஸ்டேட்டுக்குள் போகிறது என்று போன மாதம் அப்பா பலகையில் எழுதினார். போய்க் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். உடனே பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. யார் மனமும் புண்படும்படியோ வீண் பரபரப்பு உண்டாகும்படியோ பொது இடத்தில் எதையும் எழுதக் கூடாதாம், மீறினால் கடை லைசென்ஸ் ரத்தாம். குழாய் என்ற பேச்சே அதில் இல்லை, என்ன சாமர்த்தியம் பார்! எதெது புண்படும் என்று அப்பா போய்க் கேட்டதற்கு, "அதை அப்பப்ப நாங்க பாத்துச் சொல்றோமுங்க" என்றாராம் அங்கே எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர். வருகிற தேர்தலில் தலைவர் நிற்கப் போகிறார், அதுவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

அப்பா பயந்து பலகையைத் துடைத்துவிட்டார். அந்த வாரம்தான் பக்கத்து ஊட்டு வெள்ளையம்மாள் செத்துப்போனாள். சாவை எழுதலாமா என்று ஆபீஸில் கேட்டதற்குத் தலைவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றவர்கள் சொல்லவே இல்லை. பலகையை நம்பியே பழகிவிட்டோமா, அவள் பிறந்த தலைச்சோலைக்கு ஆள் விட வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. காலையில் அவள் அண்ணன் மாதையன் வாழைக்காய் மூட்டையோடு கீழே வந்து, வெறும் பலகையைப் பார்த்து, ஊரில் ஒரு குறையும் இல்லை என்று சேலம் பஸ் ஏறிவிட்டான். பிறந்த ஊட்டுக் கோடிச் சேலை இல்லாமலே அவளை அடக்கம் பண்ணினார்கள்.

மறுநாள் அவன் கோடியோடு நேரே நம் கடைக்கு வந்தான். சண்டை போடுவான் என்று நினைத்தோம். அந்தச் சேலையைப் பலகை மேல் போர்த்திவிட்டு, "ஏனுங்க, என் பொறந்தவ செத்ததை எழுதுனா யாரு மனசுங்க புண்படும்?" என்று கேட்டு அழுதான்.

அதனால் இறக்கு என்று இனி எழுதாதே. லைசென்ஸ் போனால் போகட்டும், கடலை அவித்து விற்கிறேன், எனக்கென்ன வெட்கம். கோர்ட்டுக்குக் கூப்பிட்டால் மாதையனும் கூட வருகிறானாம். தலைவலித் தைலம் தீர்ந்துவிட்டது, யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே. மாதா உன்னைக் கைவிட மாட்டாள்.

நாளைக்கு வெள்ளையம்மாளுக்குக் காரியம். அப்பா சாக்பீஸை என்னிடம் கொடுத்துவிட்டார், பலகையில் நானே எழுதப் போகிறேன். மேலே அவள் காரியம், அதற்குக் கீழே குழாய்.

உன் அம்மா,
இன்பமேரி