லொறி நிறையச் சோடா

கொட்டாஞ்சேனை
1943 ஆகஸ்ட் 12

அன்பு மகன் ஷிப்லிக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உம்மாவும் மஜீட் மாமாவும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம், நீயும் பம்பாயில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்டுக்கொள்கிறோம். எல்லோரும் நல்ல சுகம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன், இந்தத் தடவை அந்தச் சொல்லுக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது. பயப்படாதே, நம் குடும்பத்தில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. உம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைப் போலத்தான், எண்ணெய் பூசிக்கொண்டு நடமாடுகிறாள். உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. நம் சோடாக் கொம்பனியைப் பற்றிக் காலேஜ் கூட்டாளிமாருக்குச் சொன்னாய் என்றும், மூன்றாவது மெஷின் போட்டால் எந்த இடத்தில் வைக்கலாம் என்றும் படம் கீறி அனுப்பியிருந்தாய். அந்தப் படத்தை உம்மா வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினாள். நான் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது மகன், அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நீ போகும்போது பின்வளவில் ஒரு மெஷின்தான் இருந்தது. நானும் மாமாவும் கையால் சுற்றுவோம், பழனியம்மா போத்தல் கழுவுவாள், கொட்டாஞ்சேனைக் கடைகளுக்குப் போட்டு முடிய பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்வார்கள், அத்தோடு வேலை முடிந்தது. போன வருஷம் ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட்டானே, அந்தக் கிழமையே இங்கிருந்த மற்ற இரண்டு சோடாக்காரரும் கதவைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். எனக்குப் போக ஊர் இல்லை, இருந்துவிட்டேன். என் கெட்டித்தனம் அவ்வளவுதான். பிறகு பட்டாளம் வந்து இறங்கியது, அதைப் பற்றி அதிகம் எழுதக்கூடாது, கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்வி. ஒருநாள் ஒரு கன்டீன் கன்ட்ராக்டர் காரில் வந்து, நின்றபடியே ஒரு தேசிக்காய்ச் சோடா குடித்துவிட்டு, ஒரு நாளைக்கு இருபத்தைந்து டசன் வேண்டும் என்றார். அடுத்த கிழமை நூறு டசன், இப்போது முன்னூறு. சீனிக்குக் கட்டுப்பாடு, அதற்குப் பெர்மிட்டும் அவரே எடுத்துத் தந்தார். நான் ஒவ்வொரு தடவையும் இது போதும் என்று நினைப்பேன், ஆனால் வாயால் சொல்ல மாட்டேன். மாமா சொல்வான், "மச்சான், நாம வேணாம் எண்டா வேற ஒருத்தன் தூக்கிக்கிட்டுப் போவான்." அதுவும் பொய்யில்லையே. முருங்கை மரத்தை வெட்டி இரண்டாவது மெஷின் வைத்தோம். அடுப்பைத் தூக்கிக் குசினியை நடைக்கு மாற்றினோம். முன் அறையில் பெட்டிகள், உன் கட்டிலுக்கு மேலும் பெட்டிகள். "தொழுறத்துக்கு ஒரு காஞ்ச எடம் ஈக்கா இந்த ஊட்டுல?" என்று உம்மா ஒருநாள் ஈரத் தரையில் நின்று அழுதாள். முப்பத்துநான்கு பேர் வேலை செய்கிறார்கள் மகன், பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. அதில் பதினொரு பெண்கள் பழனியம்மா கூட்டிவந்தவர்கள். தெமட்டகொடையில் அவள் இருக்கிற லைன் வீடுகளில் இருந்து விடிய எழும்பி ஒன்றாக நடந்து வருவார்கள், அவள் தங்கச்சி சீனியம்மாவும் அதில் ஒருத்தி.

போத்தல்தான் எங்களைக் கெடுத்தது. யுத்தத்தால் சீமையிலிருந்து புதுப் போத்தல் வருவதில்லை. பாமன்கடை, கிருலப்பனைப் பக்கம் தெருத் தெருவாகப் பழைய போத்தல் எடுக்கிறவர்களிடம் வாங்கினோம், விளிம்பு உடைந்ததும் மயிர்போலக் கீறல் விழுந்ததும் கலந்து வரும், அதில் கேஸை அடைத்தால் வெடிக்கும். ஒவ்வொரு போத்தலையும் நகத்தால் தட்டி, சத்தம் கேட்டு, நல்லதை மட்டும் மெஷினுக்கு விடுவது நம் வழக்கம், உனக்கும் தெரியும். பழனியம்மாவின் காது என் காதைவிட நல்லது, கேட்டவுடன் கெட்டதை ஒதுக்கிவிடுவாள். ஜூன் மாதம் ஒருநாள் லொறி வந்து வாசலில் நிற்கிறது, டிரைவர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருக்கிறான், அறுபது டசன் குறைகிறது. நான் உள்ளே போய், தட்டிப் பார்க்க வேண்டாம், நேரம் போகிறது, கழுவியதை அப்படியே விடு என்றேன். அவள் நிமிர்ந்து, "தட்டாமயா மொதலாளி?" என்று கேட்டாள். நான் "ஓம்" என்றேன். மாமா சொல்லித்தான் அது நடந்தது என்று உம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள், மாமாவும் மறுத்துப் பேசவில்லை. சொன்னது நான்தான். அன்றைக்கு ஒரு நாளைக்கு என்றுதான் சொன்னேன், அடுத்த நாளும் லொறி வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது.

ஜூலை முதல் கிழமை, காலை பத்து மணி இருக்கும். மெஷின் சுற்றுகிறவர்களுக்குத்தான் கம்பி வலை முகமூடி இருந்தது. பழனியம்மா நிரப்பிய போத்தலை எடுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள், அவளுக்கு இல்லை. கையில் இருந்த போத்தல் வெடித்தது. நாளுக்கு நாலைந்து போத்தல் வெடிக்கிற இடம், அந்தச் சத்தத்துக்கு ஒருவரும் திரும்பக்கூட இல்லை, நானும் திரும்பவில்லை. அவள் கத்தவுமில்லை. "மொதலாளி, தண்ணி" என்றாள். நான் குடிக்கக் கேட்கிறாள் என்று கிளாஸை எடுத்துக்கொண்டு போனேன், போய்ப் பார்த்தால் முகத்தைப் பொத்தியிருந்த விரல்களுக்கிடையால் இரத்தம் வருகிறது. ரிக்‌ஷாவில் ஏற்றிக் கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர்மார் செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். இரண்டாம் நாள் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

அவள் புருஷன் ராமையா ரயில்வே யார்டில் கரி அள்ளுகிறவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கண்டதும் எழும்பி நின்று தலைத்துண்டை எடுத்தார். அவர் என்னை அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். நான் அவள் கட்டிலடியில் போய், சம்பளம் நிற்காது, மன்னித்துக்கொள், நான் கொம்பனியை மூடப்போகிறேன் என்றேன். மனதறிந்துதான் சொன்னேன் மகன், மூடிவிட்டால் என் பாரம் குறையும் என்று நினைத்தேன். அவள் கட்டுப்போட்ட முகத்தை என் பக்கம் திருப்பி, "மூடிப்புடாதீங்க மொதலாளி. பதினோரு பொம்பளைங்கள நாந்தான் கூட்டியாந்தேன், அவங்க அடுப்புல நாளைக்கு என்னத்த வைப்பாங்க? போத்தலு கழுவ எனக்கு ஒத்தக் கண்ணு போதும்" என்றாள். ராமையா என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். மூடவும் முடியவில்லை.

சரி, குறைப்போம் என்று கன்ட்ராக்டரிடம் போனேன். பாதிதான் தர முடியும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, தேத்தண்ணி கொடுத்தார். முன்னூறுக்குக் குறைந்தால் சீனிப் பெர்மிட்டும் சோடாவுக்கு அடைக்கிற கேஸும் வேறு ஆளுக்கு மாறிவிடும், யுத்த காலம், தன் கையில் ஒன்றுமில்லை என்றார். தன் கையில் ஒன்றுமில்லை என்று அவர் சொல்கிறார், என் கையிலும் ஒன்றுமில்லை, அப்படியானால் இது யார் கையில் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து விடிய சுபஹு தொழுதுவிட்டு வந்து நானும் சீனியம்மாவும் உட்கார்ந்து ஒவ்வொரு போத்தலாகத் தட்டுகிறோம். மூன்றில் ஒன்று கழிகிறது. லொறி குறையாகப் போகிறது, டிரைவர் ஏசுகிறான், பெர்மிட் எத்தனை நாளைக்கு நிற்குமோ தெரியாது. தட்டித் தட்டி என் காதுக்கு இப்போது எல்லாப் போத்தலும் ஒரே மாதிரிக் கேட்கிறது, நல்லதையும் உடைக்கிறேன் என்று சீனியம்மா சொல்கிறாள். அந்தக் குறைக்காக மாமா என்னோடு முன்னைப் போலக் கதைப்பதில்லை. ஆனால் எல்லோருக்கும் முகமூடி அவன்தான் ஓடித்திரிந்து செய்வித்தான், அதையும் எழுத வேண்டும். நீ கேட்ட மூன்றாவது மெஷினையும் அவன் பேசி முடித்துவிட்டான், சனிக்கிழமை வருகிறது. என்னைக் கேட்டான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை.

போன திங்கட்கிழமை பழனியம்மா தானாக வேலைக்கு வந்துவிட்டாள். கண்ணுக்கு மேல் வெள்ளைத் துணி. வழக்கமான இடத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கழுவத் தொடங்கினாள். வீட்டுக்குப் போ என்றும் சொல்ல முடியவில்லை, இரு என்றும் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண்கள் அவளோடு சிரித்துத்தான் கதைக்கிறார்கள். எங்காவது ஒரு போத்தல் வெடித்தால் மட்டும் எல்லோரும் பேச்சை நிறுத்துகிறார்கள், அவள் ஈரக் கை மிச்சம் இருக்கிற கண்ணுக்குப் போகிறது.

உன்னிடம் ஒரு உதவி கேட்கிறேன் மகன். கண்ணாடிக் கண் வைத்தால் முகம் பழையபடி இருக்கும் என்று டொக்டர் சொன்னார், ஆனால் கப்பல் வராததால் கொழும்பில் இல்லை, பம்பாயில் கிடைக்கலாம் என்கிறார். அளவு எழுதிய துண்டு இத்துடன் வருகிறது. நிறமும் எழுத வேண்டுமாம். ராமையாவைக் கேட்டேன், "கறுப்புதான் மொதலாளி, வேற என்ன இருக்கும்" என்றார், அவருக்கும் தெரியவில்லை. ஆறு வருஷமாக நம் பின்வளவில் வேலை செய்கிற பிள்ளை, நான் ஒருநாளும் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. உம்மாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வெயிலில் வந்து நில் பிள்ளை என்றேன். வந்து நின்று முகத்தைத் தூக்கிக் காட்டினாள், கண்ணை மூடவேயில்லை. கறுப்பில்லை மகன். பால் விடாத தேத்தண்ணியை வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு நிறம் வருமே, அது. சுற்றி மட்டும் கறுத்த கோடு. கடைக்காரனுக்கு விளங்குகிற மாதிரி எப்படிச் சொல்வாயோ தெரியாது, அப்படியே சொல்.

நோன்பு வர மூன்று கிழமை இல்லை, விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பாமல் வெறும் வயிற்றோடு நோன்பு பிடிக்காதே, மழைக்காலம், நனைந்த உடுப்போடு வகுப்பில் இருக்காதே என்று உம்மா எழுதச் சொல்கிறாள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல கல்வியையும் தருவானாக, உன் இரண்டு கண்களையும் காப்பானாக. கடைக்குப் போகும்போது அந்தத் துண்டை மறக்காமல் கொண்டுபோ. இடது கண். தவறுதலாக வலது வாங்கிவிடாதே, இடது.

இப்படிக்கு,
உன் வாப்பா
மீ. சா. பலீல்