கேரவன் அடுப்பு எரியாத வாரம்

பிப். 10, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். வெள்ளி, புதிதாக வாங்கின கேரவனைக் காரில் இழுத்துக்கொண்டு வைஹி கடற்கரைக்குப் புறப்பாடு. பிள்ளைகள் தனியாகப் போனபின் நாங்கள் இருவர் மட்டும் போகும் முதல் பயணம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மனேஜரிடம் கெஞ்சி வாங்கிய லீவு.

செய்ய: மிளகாய்த்தூள். போர்வை. இவருடைய பிரஷர் குளிசை. கேரவன் அடுப்பு எரிகிறதா பார்க்க.

பார்த்தாயிற்று. எரியவில்லை. பற்றுகிறது, சின்னதாக நீலச் சுவாலை, உடனே அணைகிறது. நேற்றுத்தான் கோயிலில் வாகனப் பூசை செய்து, சில்லுக்கெல்லாம் தேசிக்காய் நசித்துக் கொண்டுவந்த வண்டி.

"சிலிண்டர் முடிஞ்சுது, வேறையொண்டுமில்லை" என்றார் இவர்.

பிப். 11, செவ்வாய்
புதுச் சிலிண்டர். அதே கூத்து. குழாயில் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தார், கசிவில்லை. பிறகு ஒடாஹுஹு கடைக்குப் போய்ப் புது ரெகுலேட்டர். சிலிண்டரின் தலையில் பூட்டுமுன் சாமியறையில் வைத்துச் சந்தனப் பொட்டு. வீட்டுக்குள் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் அப்படித்தான், ரைஸ் குக்கருக்கும் உண்டு.

பூட்டினார். பற்றியது. அணைந்தது. "இது அடுப்பின்ரை பிழை" என்றார். நேற்று சிலிண்டர், காலையில் குழாய், இப்போது அடுப்பு. எனக்குத் தலையிடி.

இவருக்குத் தெரியாமல் காஸ் திருத்துகிறவருக்கு போன். அடுத்த வாரம்தான் வர முடியுமாம்.

பிப். 12, புதன்
மழை. சமையலறை மேசை முழுக்க ஸ்பேனர். இவர் யூடியூப்பும் கையுமாக.

"அடுப்பில்லாட்டி என்ன, கடையிலை சாப்பிடுவம்" என்றேன்.

"கடையிலை சாப்பிடவோ கேரவன் வாங்கினது?"

"கடல் பாக்கத்தானே வாங்கினது?"

யூடியூப்காரன்தான் கதைத்துக்கொண்டிருந்தான்.

பின்னேரம் மனேஜர் போன். இரண்டு பேருக்குச் சுகமில்லை, வெள்ளியும் சனியும் வர முடியுமா என்று. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னது. இவரிடம் சொல்லவில்லை.

பிப். 13, வியாழன்
வெயில். இன்று வரச் சொன்ன யாரோ வேண்டாம் என்றதால் காஸ்காரர் இன்றே வந்துவிட்டார். பீஜி இந்தியர். ரெகுலேட்டரைக் கையில் எடுத்து, மோந்து பார்த்து, இவரைப் பார்த்தார்.

"பூஜா பண்ணினீங்களா, அங்கிள்?" ஆங்கிலத்தில்தான்.

ரெகுலேட்டரில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று உண்டாம், அதன் வழியாகக் காற்றுப் போய் வந்தால்தான் காஸ் ஒழுங்காக வருமாம். சந்தனம் காய்ந்து அதை அடைத்திருக்கிறது. பழையதை எடுத்துக் காட்டினேன். அதிலும் ஞாயிற்றுக்கிழமை வாகனப் பூசையில் வைத்த பொட்டு, அதே இடத்தில். எனக்கு நாக்கில் வந்ததை எழுதமாட்டேன். வேறு ரெகுலேட்டர் பூட்டி, எல்லாம் சோதித்துவிட்டுப் போனார்.

அடுப்பு இரைந்து எரிந்தது. இவருக்கு முகமெல்லாம் பல்.

"பாத்தீரே! நாளைக்கு விடிய வெளிக்கிடுவம்."

அப்போதுதான் வெள்ளியும் சனியும் வேலைக்கு ஒத்துக்கொண்டதைச் சொன்னேன். இவர் அடுப்பை நிறுத்தினார். மனேஜருக்குப் போன் எடுத்து, வர முடியாது என்றேன். யாருக்கு எந்த நாள் வேலை என்று ரோஸ்டர் போட்டாயிற்றாம். சாரி டியர் என்றாள்.

பிப். 15, சனி
இரண்டு நாளும் வேலை. நேற்று ஒரு வரிகூட எழுத முடியவில்லை, அவ்வளவு அலுப்பு. "நீங்கள் எண்டாலும் போங்கோ" என்றதற்கு, "நீர் இல்லாமல் நான் அங்கை போய் என்ன செய்யிறது" என்றார்.

இன்று வேலை முடிந்து வந்தால் முற்றத்துக் கேரவனுக்குள் விளக்கு. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், எல்லாம் இவர் அந்த அடுப்பில் சமைத்தது. பருப்பில் உப்பில்லை. கோபம் தீரவில்லை, ஆனாலும் சாப்பிட்டேன். இரவு படுக்கையும் கேரவனுக்குள்ளேதான். மெத்தை எங்கள் கட்டிலைவிட நல்லது.

பிப். 16, ஞாயிறு
நல்ல வெயில், கடலுக்கென்றே செய்த நாள். காலை கேரவனிலிருந்து இறங்கும்போது வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு டோங்கா நாட்டு அன்ரி, உடுப்புக் காயப்போட்டபடி.

"அதுக்குள்ள வந்திட்டீங்களா? பீச் எப்படி?"

நான் வாய் திறக்குமுன் இவர் முந்திக்கொண்டு, "பியூட்டிஃபுல்" என்றார்.

புதன்கிழமை மனேஜரிடம் முடியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.