உண்ணிச்செடி தின்ற மாடு

அக்கா, இன்று காலை இங்கே செனாயில் என் வீட்டுப் பின்புறப் புதரை வெட்ட ஆட்கள் வந்தார்கள். வெட்டுப்பட்ட உண்ணிச்செடியின் காட்டமான வாடை அடுப்படி வரை வந்தது. சன்னலைச் சாத்தினேன், வாடை போகவில்லை. நீங்கள் போய் இன்றோடு நாற்பது நாள்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் லாபிஸ் ரப்பர் தோட்டத்து லயத்தில் நாம் அடுத்தடுத்த வீடு. உங்கள் வீட்டுக்காரரையும் என் வீட்டுக்காரரையும் ஒரே லாரியில் ஏற்றி, சியாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை நின்றது. அரிசி கண்ணில் படவில்லை. மூன்று வேளையும் மரவள்ளிதான். எட்டு மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு எனக்குப் பால் வற்றிப்போனது.

உங்களிடம் ஒரு சிவப்புப் பசு இருந்தது. பக்கத்துக் கம்பத்து ஊரை விட்டுப் போன மலாய்க்காரர் ஒருவர் உங்களுக்கே கொடுத்துவிட்டுப் போனது. தினமும் நீங்கள்தான் என் மகனை மடியில் போட்டுப் பாலாடையில் ஊட்டினீர்கள். பிள்ளையில்லாத உங்களுக்கு அந்த வேளை எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. உங்கள் குரல் கேட்டாலே அவன் கையை நீட்டுவான். நான் தூக்கினால் முதுகை வளைத்துக்கொண்டு அழுவான். என் பிள்ளை பிழைத்தது உங்களால். உங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்ததும் அதனால்தான்.

என் அப்பா தோட்டத்துத் துரையின் மாடுகளைப் பார்த்தவர். எந்தச் செடி மாட்டுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. அறிவு என்னிடம், மாடு உங்களிடம் என்று அதற்கும் எனக்கு ஓர் ஆற்றாமை.

ஒரு மத்தியானம் ரயில் கரையோரமாக வந்துகொண்டிருந்தேன். புல்வெளியெல்லாம் கொத்தி மரவள்ளி போட்டாகிவிட்டதால், பசுவை அங்கே உண்ணிப் புதருக்குப் பக்கத்தில் கட்டியிருந்தீர்கள். விவரமான மாடு அதில் வாய் வைக்காது. பசித்த மாடு வைக்கும். அது பூவும் இலையுமாக இழுத்துத் தின்றுகொண்டிருந்தது.

கயிற்றை அவிழ்க்க ஒரு நிமிடம் போதும். நான் நின்று பார்த்தேன். உங்கள் வீட்டில் பால் இல்லாமல் போனால் பிள்ளை என் மடிக்குத் திரும்பிவிடுவான் என்று தோன்றியது. வந்து எதைக் குடிப்பான் என்று தோன்றவில்லை. அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் வெறும் ஏனத்தோடு என் வாசலில் வந்து நின்றீர்கள். பசு எதையும் தின்னவில்லை, வெயிலைக் கண்டால் ஒதுங்குகிறது, மூக்குத்தோல் வெடிக்கிறது என்றீர்கள். உள்ளே பிள்ளை பசியில் கத்திக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம்தான் என்னை உலுக்கியது. ஓடிவந்து பசுவின் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள் பூத்திருந்தது.

"உண்ணிய தின்னுருக்குக்கா," என்றேன். கண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்ததுபோல.

அத்தாப்பு ஓலைக் கொட்டகைக்குள் வெயில் படாமல் கட்டினோம். அடுப்புக்கரியை இடித்துத் தண்ணீரில் கலக்கி மூங்கில் குழாயில் புகட்டினேன். ஆற்றங்கரையில் இளம்புல் அறுத்து வந்தேன். பிள்ளைக்கு மரவள்ளி மாவுக் கஞ்சிதான். விலா எலும்பு தெரிய இளைத்தான். இரண்டு வாரத்துக்குப் பிறகு, ஒரு காலையில் பசு அசைபோட்டது. பால் மெல்ல மெல்லத் திரும்பியது. லயமே உங்கள் கைராசி என்றது. அப்போதும் எரிந்தேன், அக்கா. கரி இடித்த கை என்னுடையது என்று வாய்வரை வந்தது. முழுதும் சொல்ல வேண்டியிருக்குமே என்று அடங்கினேன்.

யுத்தம் முடிந்து என் வீட்டுக்காரர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். உங்களவர் வரவில்லை.

பல வருடம் கழித்து, மகன் கல்யாணத்தில் அவன் முதலில் உங்கள் காலில் விழுந்தான். அன்று சாயங்காலம் பந்தல் ஓரத்தில் நாம் இரண்டு பேரும் மட்டும் இருந்தபோது, என்னால் தாங்க முடியவில்லை.

"அன்னைக்கு மாடு உண்ணிய மேய்ஞ்சத நான் பாத்தேன்க்கா. பாத்துட்டுதான் போனேன்."

நீங்கள் கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தீர்கள்.

"ஒன் வீட்டுக்காரரு சியாமிலேருந்து வந்து எறங்குனப்போ, இவரு ஏன் வந்தாருன்னு நெனச்சேன். வராம இருந்தா நீயும் நானும் புள்ளையுமா இருந்துருக்கலாம்னு. ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல."

நான் உங்களை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. எழுந்து போய் ஒரே இலையில் சாப்பிட்டோம். அதன் பிறகு உங்களிடம் எதையும் மறைத்ததில்லை.

உங்களுக்கு அவன்தான் கொள்ளி வைத்தான். வாலிபத்திலிருந்து ஒருநாளும் எடுக்காத மீசையை எடுத்திருந்தான். சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான். கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் துக்கத்தைவிடப் பொறாமைதான் முதலில் வந்தது. எனக்கு இப்படி அழுவானா என்று கணக்குப் போட்டது மனசு. வெட்கமாக இருந்தது. இதை யாரிடமாவது சொன்னால் ஆறும் என்று சுற்றிலும் பார்த்தேன்.

சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான், அக்கா.