நான்கு சுழி

மார்ச் 3, திங்கள்

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, என் வீட்டை ஒட்டிய தம்பியின் பைக் பட்டறை வாசலில் எட்டு வண்டிகள். எட்டும் ரோட்டில். ஒன்று போதை தெளியாதவன் மாதிரி சாய்ந்து கிடந்தது. ரோடு என்ன, அவன் அப்பன் வீட்டுச் சொத்தா? என் அப்பாவும் அதே ஆள்தான் என்பதால் இதைச் சத்தமாகச் சொல்ல முடியவில்லை.

பேசிப் பதினொரு வருடம். பாகம் பிரித்தபோது இரண்டு வீட்டுக்கும் பொதுவான பெரிய கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். "வேணும்னா வந்து கேக்கட்டும்" என்று ஊரெல்லாம் சொன்னான். நான் ஏன் கேட்க வேண்டும்? நான் மூத்தவன். அன்றிலிருந்து என் வெள்ளைக் கார் வாசலில், ரோட்டு வளைவில், சுவரை ஒட்டி நிற்கிறது. அது வேறு விஷயம்.

மனைவி இரண்டு வாரமாகக் காலை இழுத்து நடக்கிறாள். குளியலறையில் வழுக்கிவிட்டதாம். பார்த்து நடக்க வேண்டாமா?

மார்ச் 6, வியாழன்

ஊர் மன்றத்தில் கூட்டம். போக்குவரத்து, பார்க்கிங், ரோட்டுப் பாதுகாப்பு பற்றி மக்கள் கருத்து வேண்டுமாம். இருபது வருடம் தூங்கிவிட்டு இப்போது கருத்து!

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், "வேகத்தடை போட்டீங்கன்னா என் இடுப்பெலும்பை யார் மாத்தித் தருவீங்க?" என்றார். மளிகைக் கடைக்காரம்மா, "கடை வாசல்ல வண்டி நிறுத்தக் கூடாதுன்னா ஜனங்க மூட்டையைத் தலையிலயா தூக்கிட்டுப் போவாங்க?" என்றாள். நான் எழுந்து பட்டறை பைக்குகளில் ஆரம்பித்தேன். பாதியில் சலூன்காரர், "போஸ்ட் மாஸ்டர் பேச்சும் தபால் மாதிரிதான். கிளம்பிடும், எப்ப வந்து சேரும்னு தெரியாது" என்றார். கூடமே சிரித்தது. பின்வரிசையில் தம்பி. அவன் சிரித்தானா என்று நான் பார்க்கவில்லை. சிரித்தான்.

மன்றச் செயலர் ஆளுக்கொரு படிவம் கொடுத்தாள். பெயர் எழுத வேண்டாம். நிரப்பிப் போடுவதற்கான பெட்டி என் தபால் அலுவலகத்தில். எண்ணித் தொகுத்துத் தருவதும் நான்தான். இந்த ஊரில் வேறு யாருக்குக் கூட்டல் தெரியும்?

மார்ச் 7, வெள்ளி

என் படிவத்தில் இடம் போதவில்லை. நான்கு தாள் இணைத்தேன். கடைசிக் கேள்வி: 'இதற்காக நீங்கள் என்ன செய்யத் தயார்?' வரி கட்டுகிறேன், போதாதா என்று எழுதினேன்.

மார்ச் 14, வெள்ளி

பெட்டி கனக்கிறது. பெயர் இல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? பத்தொன்பது வருடமாக இந்த ஊர்க்காரர்களின் கையெழுத்தைப் படிக்கிறேன். பதவி உயர்வு தராமல் இதே நாற்காலியில் உட்காரவைத்ததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

மார்ச் 17, திங்கள்

அறுபத்திரண்டு படிவங்கள். 'ஊரில் மிக ஆபத்தான இடம் எது?'

'போஸ்ட் மாஸ்டர் வீட்டு வளைவு.' சரி, நானும் அதைத்தான் எழுதினேன், தம்பியின் பைக்குகளை நினைத்து. ஆனால் இவர்கள்— 'அங்கே நிற்கும் வெள்ளைக் கார்.' மறுபடியும் கார். மறுபடியும். இருபத்தாறு பேர்! பைக்குகளைச் சொன்னவர்கள் மூன்று பேர். அதில் ஒருவன் நான்.

சலூன்காரர் எழுதியிருக்கிறார். மளிகைக் கடைக்காரம்மா எழுதியிருக்கிறாள், அதுவும் என் மேசையில் இருந்த பேனாவை வாங்கி! நன்றிகெட்ட ஜென்மங்கள்.

இருபத்தாறையும் தனியாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மொத்தம் முப்பத்தாறுதான் வந்தது என்றால் யாருக்குத் தெரியப்போகிறது?

மார்ச் 18, செவ்வாய்

கொளுத்துவதற்கு முன் ஒருமுறை படித்தேன். யார் யார் என்று தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டாமா?

பதினேழாவது படிவம். 'கார் மறைப்பதால் வாசலில் நின்றால் வண்டி வருவது தெரிவதில்லை. போன மாதம் பால் வண்டி இடித்துக் கீழே விழுந்தேன். வீட்டில் சொல்லவில்லை.'

வண்டி. மூன்று சுழி 'ண'வுக்கு நான்காவதாக ஒரு சுழி. எண்ணெய், வெண்ணெய், மண்ணெண்ணெய் என்று மளிகைச் சீட்டில் இருபத்து மூன்று வருடமாக நான் பார்க்கும் சுழி. எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன்.

வீட்டில் சொல்லவில்லை. வீடு என்றால் யார்? நான்தானே? ஏன்டி, ஏன் என்கிட்ட சொல்லல—

மார்ச் 19, புதன்

கேட்டுவிட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? பால்காரனோட சண்டைக்குப் போயிருப்பீங்க. கார் அங்கேயேதான் நின்னிருக்கும்."

"வேற எங்க நிறுத்தச் சொல்ற?"

"அதைத்தான் பதினோரு வருஷமா நானும் கேக்கறேன்."

முழங்காலைக் காட்டச் சொன்னேன். வீக்கம் இன்னும் வடியவில்லை. யார் மேல் கோபம் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

மார்ச் 20, வியாழன்

இருபத்தாறையும் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கடைசிக் கேள்வியை, என்னையும் இன்னொருவனையும் தவிர, எல்லோரும் காலியாக விட்டிருக்கிறார்கள். அந்த இன்னொரு தாளில் கிரீஸ் கறை. 'பொதுக் கேட்டின் சாவி என்னிடம் இருக்கிறது. கேட்டால் கொடுப்பேன்.'

கேட்டால்! இந்தத் திமிர் மட்டும் போகாது. காரைப் பற்றி அவன் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதித் தொலைத்திருக்கலாம். திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

மார்ச் 21, வெள்ளி

தொகுப்பைக் கொடுத்தேன். முதல் வரி: வெள்ளைக் கார், இருபத்தாறு. "சார், இது உங்களோட..." என்று இழுத்தாள் செயலர். "இருக்கறதைத்தான் எழுதியிருக்கேன்" என்றேன். என் நான்கு தாளைச் சேர்க்கவில்லை. நேரமில்லை.

மார்ச் 22, சனி

நேரில் போய்க் கேட்பதாக இல்லை. அஞ்சலட்டையில் 'சாவி தேவை' என்று எழுதி, அடுத்த வீட்டு விலாசம் போட்டு, நானே முத்திரை குத்தினேன். தபால்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், சுவத்துக்கு மேல வீசினாலே போய்ச் சேந்துடுமே?"

"உங்க வேலையைப் பாருங்க."

மார்ச் 25, செவ்வாய்

கவர் வந்தது. உள்ளே சாவி மட்டும். மேலே 'பெறுநர்: அண்ணன்.' விலாசம் இல்லை. விதிப்படி திருப்பி அனுப்ப வேண்டிய தபால்.

அனுப்பவில்லை.

மார்ச் 26, புதன்

பதினொரு வருடப் பூட்டு, துரு பிடித்து இறுகியிருக்கும் என்று எண்ணெய்ப் புட்டியோடு போனேன். சாவியைத் திருப்பியதும் வழுக்கிக்கொண்டு திறந்தது. விரலில் கறுப்பாக ஒட்டியது. பட்டறை எண்ணெய். நேற்றுப் போட்டதில்லை, ஒன்றின் மேல் ஒன்றாகப் பழசு. வருடா வருடம் போட்டிருக்கிறான், மடையன்.

கார் உள்ளே நிற்கிறது. அவள் வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டினாள்.

அவன் பைக்குகள் இன்றும் ரோட்டில்தான். எத்தனை என்று எண்ணவில்லை.