பூனைக்குக் கால் கூடியது

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நான் சௌக்கியம்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் அடிபட்ட பூனை ஒன்று வந்தது. பின்னங்கால் எலும்பு நொறுங்கி, நடுவில் ஒரு துண்டே காணோம். டாக்டர் அதன் தோளெலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டியெடுத்து அந்த இடைவெளியில் அடைத்து, தகடு வைத்தார். இரண்டு மாதமாகக் கூண்டில் வைத்து நான்தான் ஊட்டினேன். நேற்று எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது. சந்தோஷத்தில், பூனையை வளர்த்த வீட்டுக்காரப் பெண்மணிக்கு நானே போன் செய்தேன்.

"பிள்ளைங்க அழுதாங்கன்னு வேற பூனை வாங்கிட்டோம்மா. இத நீங்களே யாருக்காவது குடுத்துடுங்க" என்றார்.

கூண்டைத் திறந்ததும் பூனை நொண்டிக்கொண்டே வாசல்வரை போய் உட்கார்ந்துவிட்டது. தூக்கப் போனேன், கையைக் கடித்துவிட்டது. லேசான காயம்தான், ஊசியும் போட்டாயிற்று, நீ பதறாதே.

"வீட்டுக்குப் போகணும்னு உக்காந்திருக்கு, பாவம்" என்றார் டாக்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அவ்வளவு வலிக்குதா?"

ஆமாம் என்றேன்.

என் அறையைத் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் ஒழித்துக் கொடுத்துவிட்டதாக அப்பா சொன்னார். நல்லதுதான். என் கட்டிலை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே அம்மா, எங்காவது ஓர் ஓரமாகப் போட்டு வை.

டாக்டர் கூப்பிடுகிறார்.

உன் மகள்