ஐந்தும் பச்சை

வியாழக்கிழமை. ஓட்டமும் சுடுதலும் சேர்ந்த தேசியப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள்.

காலாப்பட்டு மைதானத்தில் இன்றும் ஓடி வந்து ஐந்து முறை சுட்டேன், ஐந்துக்கும் பச்சை விளக்கு எரிந்தது. கணுக்கால் முறிந்து, குணமாகிப் பயிற்சிக்குத் திரும்பிய பிறகு லேசர் துப்பாக்கியில் ஒரு குறிகூடத் தப்பவில்லை. அடிபடுவதற்கு முன் ஒருநாளும் இப்படிச் சுட்டதில்லை. அதற்காக மாதா கோயிலில் மெழுகுவத்திகூட ஏற்றிவிட்டேன்.

என்னோடு பயிற்சி எடுக்கும் ஸ்டெல்லா ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். தோள் தசை கிழிந்ததால் அவளால் இன்னும் துப்பாக்கியைத் தூக்க முடியவில்லை. கைதட்டுவாள் என்று நினைத்தேன்.

"கோயில்ல நற்கருணை வாங்கப் போற மாரி மெதுவா வர்ற. மூச்சே வாங்கல. அப்புறம் கை எப்படிடி நடுங்கும்?"

"கால் வலிக்குது."

"எனக்குத் தோளு வலிக்குது, தூக்கல. உனக்கு நெஜமாவே வலிக்குதா?"

கோபம் தலைக்கேறியது. அவளுக்குக் காட்டுவதற்காகவே அடுத்த சுற்றை முழு வேகத்தில் ஓடினேன். வந்து நின்றபோது இதயம் காதுக்குள் அடித்தது. துப்பாக்கி முனை ஆடியது. ஐந்தில் ஒன்றுதான் பச்சை. ஸ்டெல்லா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

சாரத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் காலுக்கு ஐஸ் வைத்தேன். அது கரைந்து பாய் நனைந்த பிறகுதான் உறைத்தது. இப்போது வலிக்கவில்லை. அந்தச் சுற்றை ஓடியபோதும் வலிக்கவில்லை.

கொஞ்சமாவது வலித்திருக்கலாம்.