இரண்டாவது உலை

இங்க பாருங்க,

உங்களை நான் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. மாணவர்கள் 'அண்ணா' என்றார்கள். முதல்வர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் மட்டும் இத்தனை வருடமும் 'இங்க பாருங்க' என்றே ஓட்டிவிட்டேன். நீங்கள் போனபிறகு கடிதத்தில் புதிதாக உறவு கொண்டாடினால் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

நேற்று உங்கள் மனைவி, மலைமேல் நெல்லிவாசல்நாட்டிலிருந்து வந்த ஜீப்பில் ஒரு பை சாமை கொடுத்தனுப்பியிருந்தார். இப்போது அடுப்பில் உலை வைத்துவிட்டு, கழுவிய சாமையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஈரச் சாமையின் மணம் சமையலறை முழுக்க இருக்கிறது. மற்றவர்களுக்கு அது வீட்டு மணமாக இருக்கலாம். எனக்கு அது வேதியியல் ஆய்வகத்தின் மணம். அதற்குக் காரணம் நீங்கள்.

நான் இந்த மலையடிவாரத்துக் கல்லூரிக்கு ஆசிரியையாக வந்தபோது, ஆய்வக உதவியாளரான உங்கள் ராஜ்ஜியமாகத்தான் அந்த அறை இருந்தது. தரையை அப்படித் துடைத்து வைத்திருப்பீர்கள். அந்தச் சுத்தத்துக்கு மரியாதை கொடுத்து, பிள்ளைகள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு வந்து சல்பூரிக் அமிலத்தைக் கையில் எடுப்பார்கள். 'காலணி அணியாமல் உள்ளே வரக்கூடாது' என்று பலகை எழுதக் கொடுத்தேன். எழுதியவர், படித்த அம்மா ஏதோ அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டார் என்று இரக்கப்பட்டு, 'காலணி அணிந்து உள்ளே வரக்கூடாது' என்று திருத்திக் கொண்டுவந்தார். நீங்கள் அதை அன்றே ஆணியடித்து மாட்டினீர்கள்.

"இதான மேடம் நாயம்" என்றீர்கள்.

அப்புறம் அந்த ஓவன். ரசாயனம் உலர்த்துகிற ஓவனைத் திறந்தால் புளி வாசனை வரும். கேட்டதற்கு, "திங்கறதுக்கு இல்ல மேடம், பித்தள தொலக்கறதுக்கு" என்றீர்கள். அதற்குச் சாட்சியாக மறுநாளே வீட்டிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தீர்கள். நான் எழுத்துமூலம் விளக்கம் கேட்டேன். நீங்கள் அந்தத் தாளிலேயே புளியை மடித்து வைத்திருந்ததைப் பிறகு பார்த்தேன்.

இப்படி நமக்குள் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், கணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவியின் கையில் அமிலம் பட்டது. பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது விதி. ஆனால் யாரும் பதினைந்து நிமிடம் கழுவுவதில்லை. எரிச்சல் குறைந்ததும், இரண்டாவது நிமிடத்திலேயே கையை உதறிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பெண்ணும் கையை இழுத்தாள். நீங்கள் விடவில்லை.

"எங்க போற? இப்பத்தான் ஒல வெச்சிருக்கு."

"இன்னாண்ணா ஒல?"

"சாமச் சோறு ஆக்குறோம். ஒல கொதிக்கட்டும். அதுக்குள்ள சாமய கழுவு. கல்லு அரி. மலச் சாம, கல்லு கெடக்கும், பொறுமையா அரி."

அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். நீங்கள் நிதானமாக, வாயாலேயே உலையைக் கொதிக்கவைத்து, சாமையைப் போட்டு, கிண்டி, தீயைக் குறைத்து, மூடி போட்டு, கடைசியில் இறக்கிவைத்த பிறகுதான் குழாயை மூடினீர்கள்.

அவள் போனதும் நான் கேட்டேன். "இங்க பாருங்க, செவுத்துல கடிகாரம் இருக்கே?"

"கண்ணுல பட்டுச்சின்னா கடியாரத்த எப்டிங்க மேடம் பாக்கறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அன்று சாயங்காலமே வீட்டில் சாமை வாங்கி வைத்து, கைபேசியில் நேரம் பிடித்தேன். பத்து நிமிடத்தில் வெந்துவிட்டால் உங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடலாம் என்பது திட்டம். உலை வைத்ததிலிருந்து இறக்கியதுவரை இருபது நிமிடம் ஆனது. விதியைவிட ஐந்து நிமிடம் கூடுதல். குற்றம் சொல்ல வழியில்லை.

மறுநாள், "இருபது நிமிஷம் ஆச்சு" என்றேன், வேண்டாவெறுப்பாக.

"கேஸ் அடுப்பா மேடம்? எங்க வூட்டு வெறகு அடுப்புல இன்னும் கொஞ்சம் ஆவும்."

பிறகு அந்தக் குழு வந்த நாள். கல்லூரியைப் பார்வையிட மூன்று பேர் வரப்போகிறார்கள் என்று ஒரு மாதமாக வெள்ளையடிப்பு. கண் கழுவுவதற்கென்றே வாங்கிய சாதனம், குழு வரும்போது புதிதாகத் தெரிய வேண்டும் என்று, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஸ்டோர் ரூமில் பத்திரமாக இருந்தது. வாசல் பக்கத்துக் குழாயில் நீங்கள் மாட்டியிருந்த ரப்பர் டியூபை, பார்க்க அசிங்கமாக இருக்கிறது, கழற்றுங்கள் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். வழக்கம்போல நீங்கள் கழற்றவில்லை.

நான் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் தயாரித்துக்கொண்டிருந்தேன். செறிவு மிகுந்த காரம், கைபொறுக்காத சூடு. எனக்கு அப்போதுதான் வெள்ளெழுத்து வந்திருந்தது. புட்டியின் மேல் இருந்த எழுத்தைப் படிக்க, பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கிற கண்ணாடியைத் தேடினேன். விதிகளைப் பலகையில் எழுதிப்போட்டவள் நான். அந்த இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையிலிருந்த அரை நிமிடத்தில் கரைசல் தெறித்து இடது கண்ணில் விழுந்தது.

வலியைப் பற்றி எழுதப்போவதில்லை. உங்கள் கை என் பின்கழுத்தைப் பிடித்ததும், டியூபிலிருந்து தண்ணீர் முகத்தில் பாய்ந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. "கண்ண தொறங்க மேடம். தொறந்தே வைங்க." விரலால் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டீர்கள். சற்று நேரத்தில் எரிச்சல் தணிந்ததுபோல் இருந்தது. எனக்குப் புடவை நனைகிறது, குழு வரப்போகிறது என்ற கவலை.

"போதும், விடுங்க."

"இன்னும் ஒலயே கொதிக்கல மேடம்."

"நான் சொல்றேன், விடுங்க!"

"கல்லு அரிங்க."

தலை குனிந்தபடி, புடவையெல்லாம் நனைந்து, இரண்டாம் ஆண்டு மாணவர்கள் முப்பது பேர் முன்னிலையில் நான் கல் அரித்தேன். சாமையைப் போட்டுத் தீயைக் குறைத்திருப்பீர்கள், அந்த நேரம் பார்த்து முதல்வரோடு குழு உள்ளே வந்தது. யாரோ ஓர் அம்மாவின் குரல், "இது என்ன சார்?" என்று கேட்டது.

முதல்வர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "பாதுகாப்பு ஒத்திகைங்க மேடம்."

"ரொம்பத் தத்ரூபமா இருக்கே!"

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். தண்ணீர் உள்ளே போனது. சோறு இறக்குகிற நேரம், விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் குனிந்து என் காதருகில், மிகுந்த பொறுப்போடு சொன்னீர்கள்: "விருந்தாளி மூணு பேர் வந்துட்டாங்க மேடம். இந்தச் சோறு பத்தாது. இன்னொரு ஒல வெக்கணும்."

வைத்தீர்கள். மறுபடி முதலிலிருந்து கல் அரித்தோம். குழு நம் ஆய்வகப் பாதுகாப்பை மிகவும் பாராட்டி எழுதியது.

திருப்பத்தூரில் கண் மருத்துவர் நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். "காரம் பட்டா பதினஞ்சு நிமிஷம் பத்தாதுங்க. உள்ள எறங்கிட்டே இருக்கும். எவ்ளோ நேரம் கழுவுனீங்க?"

"ரெண்டு உலை நேரம், டாக்டர்."

"எதுக்கு ரெண்டு?"

"விருந்தாளி வந்துட்டாங்க."

தலையிலும் ஏதாவது அடிபட்டதா என்று அவர் கேட்டார். பிறகு, இன்னும் கொஞ்சம் சீக்கிரம் குழாயை மூடியிருந்தால் இந்தக் கண்ணைப் பற்றி இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்றார்.

பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தேன். நன்றி சொல்ல வேண்டும் என்று வரும் வழியிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். உள்ளே வந்ததும் என் வாயில் வந்தது இதுதான்: "இங்க பாருங்க, ஓவன்ல புளி வாசன வருது."

"கண்ணு நல்லா தெரியுதா மேடம்?"

"தெரியுது."

"அப்ப சரிங்க."

அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு உங்களிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கவில்லை. நீங்களும் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு, நான் சொன்னபடி எழுதிய பலகையை மாட்டினீர்கள். உங்கள் காலில் மட்டும் கடைசிவரை எதுவும் ஏறவில்லை. போன வருடம் நெஞ்சுவலி வந்தபோது, மலையிலிருந்து ஜீப் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். அந்த நேரத்தை எந்த உலையாலும் அளக்க எனக்கு மனம் வரவில்லை.

சென்ற வாரம் முதலாண்டுத் தேர்வுத் தாள் திருத்தினேன். 'கண்ணில் காரம் பட்டால் முதலுதவி என்ன?' இரண்டு மதிப்பெண். உங்களைப் பார்த்தே இராத ஒரு பையன், 'கண்ணைத் திறந்து வைத்து, சாமை வேகும்வரை கழுவ வேண்டும்' என்று எழுதியிருந்தான். மேல்வகுப்புப் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். புத்தகத்தில் இருப்பதாகவே அவன் நம்பியிருக்க வேண்டும். அரை மதிப்பெண் குறைத்துவிட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: 'அமிலத்துக்குத்தான் ஒரு உலை. காரத்துக்கு இரண்டு.'

உலை கொதிக்கிறது. எழுந்து போய்ச் சாமையைப் போட வேண்டும். கல் அரித்துவிட்டேன், இந்தக் கண்ணால் நன்றாகவே தெரிகிறது. இன்று சாப்பிட நான் ஒருத்திதான். ஆனாலும் மூன்று பேருக்குக் கூடுதலாகவே கழுவி வைத்திருக்கிறேன்.